தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. 15 வருடமாகக் குடிக்கிறார். இப்போது தினமும் அரை பாட்டில் பிராந்தி. காலையில் கை நடுங்குகிறது. எழுந்ததும் கொஞ்சம் குடித்தால்தான் பல் துலக்கவே முடிகிறது. இதுவரை நான்கு முறை அவராகவே நிறுத்திப் பார்த்துவிட்டார். கடைசி முறை இரண்டாம் நாள் காலையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். அதில் பயந்துபோய் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது தந்த வலிப்பு மாத்திரை, ஃபெனிடோயின், இன்னும் வீட்டில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். முதுகு வலி வந்தால் டிரமடால் போட்டுக்கொள்வார். டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறார். உறவினர் ஒருவர் டைசல்ஃபிராம் மாத்திரை ஒரு அட்டை கொடுத்து, "பொடி செய்து சாப்பாட்டில் கலந்துவிடு, அவருக்குத் தெரியவே தெரியாது, தானாக விட்டுவிடுவார்" என்கிறார். கொடுக்கலாமா? குடிக்கு உண்மையிலேயே மருந்து இருக்கிறதா, இல்லை எல்லாம் மனக்கட்டுப்பாடுதானா?

பதில்: சகோதரி, கலக்காதீர்கள். ஒரு வேளைகூட வேண்டாம். ஏற்கெனவே கலந்திருந்தால் என்றைக்கு, எத்தனை மாத்திரை என்று குறித்துவைத்து டாக்டரிடமும் அவரிடமும் சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை அந்த மருந்தின் வேலை உடலில் நீடிக்கலாம். இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை விளக்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

குடித்த மது கல்லீரலில் இரண்டு கட்டமாக உடைகிறது. முதல் கட்டத்தில் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறுகிறது. இரண்டாம் கட்டத்தில் வேறொரு நொதி அதை அசிட்டிக் அமிலமாக்கிவிடுகிறது. அதனால் உடலுக்குத் தொந்தரவில்லை. டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது நொதியை முடக்குகிறது. முடங்கிய நொதி மீண்டும் உயிர்பெறாது. உடல் புதிதாகத் தயாரிக்க வேண்டும். 14 நாள் கணக்கு அதனால்தான். மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து காந்தும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், குமட்டி வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். பலருக்கு ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். சிலருக்குப் பல மணி நேரம் இழுக்கும். குடித்த அளவும் மாத்திரை அளவும் கூடினாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ உயிரே போகலாம்.

இந்தக் குணம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் குடற்புழு மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தவர்கள், பிறகு மது அருந்தியபோது உடம்பு படுத்திய பாட்டைக் கவனித்தார்கள். 1948இல் அதை வெளியிட்டார்கள். ஆரம்ப காலத்தில் இன்றைய அளவைப்போல் பல மடங்கு கொடுத்து, மரணங்களும் நேர்ந்தன. இன்று வழக்கமான அளவு நாளுக்கு 250 மில்லிகிராம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 24 மணி நேரம் காத்திருப்பதே பாதுகாப்பு. உங்கள் கணவர் எழுந்தவுடன் குடிக்கிறவர். 12 மணி நேர இடைவெளி அவருடைய நாளில் எங்குமே இல்லை. தெரியாமல் கலந்தால், மது இருக்கும் ரத்தத்திலேயே மருந்தை இறக்குவதாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அடுத்த நாள் வரும். ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாமல் வாந்தியெடுத்துப் படுத்துக்கிடப்பவர், உடம்பு சரியில்லை என்று குடிக்காமல் விடுவார். அதாவது திடீரென்று நிறுத்துவார். போன தடவை திடீரென்று நிறுத்திய இரண்டாம் நாளில்தான் அவருக்கு வலிப்பு வந்தது. போதாக்குறைக்கு, வலிப்பு வந்தவர்களுக்கு டைசல்ஃபிராமை மிகுந்த எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அப்படியே. இந்த மருந்தே அபூர்வமாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கும். உங்கள் கணவருக்கு இரண்டு காரணங்களும் இருக்கின்றன.

"ஆபத்து இல்லாதபடி கொஞ்சமாகக் கலந்தால்?" என்று தோன்றலாம். அதற்கும் ஆய்வில் விடை இருக்கிறது. 1986இல் ரிச்சர்ட் ஃபுல்லர் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 605 ஆண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு 250 மில்லிகிராம் டைசல்ஃபிராம். இன்னொரு பிரிவுக்கு வெறும் 1 மில்லிகிராம். அந்த அளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் அவர்களும் தாங்கள் டைசல்ஃபிராம் சாப்பிடுவதாகவே அறிந்திருந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு டைசல்ஃபிராமே இல்லை, வைட்டமின் மட்டும். ஒரு வருடம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர்கள் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். எந்த மாத்திரையாக இருந்தாலும் அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் அதிகம் தேறினார்கள். பின்னால் 2014இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது படம் இன்னும் தெளிவாயிற்று. என்ன சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்த ஆய்வுகளில் டைசல்ஃபிராம் பலன் தந்தது. தெரியாதபடி மறைத்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இந்த மருந்து குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. "காலையில் மாத்திரை போட்டிருக்கிறேன், இன்றைக்குத் தொட்டால் அவ்வளவுதான்" என்ற எண்ணம்தான் மாலையில் அவர் கையைப் பிடிக்கிறது. அந்த எண்ணத்தை எடுத்துவிட்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மிஞ்சுவது விஷத்தன்மை மட்டும். வாந்தியும் படபடப்பும் வந்தால் அவர் பிராந்தியைச் சந்தேகிக்க மாட்டார். சாப்பாட்டையோ பிராண்டையோ சந்தேகிப்பார். என்றாவது உண்மை தெரிந்தால், பிறகு நீங்கள் கையில் தரும் எந்த மாத்திரையையும் அவர் வாங்க மாட்டார். இனி வரும் சிகிச்சை முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

அதே மாத்திரையை அவர் சம்மதித்து, தினமும் காலையில் உங்கள் கண்முன் தண்ணீரில் கரைத்துக் குடித்தால், அது ஆய்வுகளில் நன்றாக வேலை செய்திருக்கும் சிகிச்சை முறை. மேற்பார்வை டைசல்ஃபிராம் என்பார்கள். ஆனாலும் கல்லீரலையும் வலிப்பையும் கணக்கிட்டால் உங்கள் கணவருக்கு முதல் தேர்வாக நான் இதை வைக்க மாட்டேன்.

இனி, நிறுத்தினால் ஏன் வலிப்பு வருகிறது என்பது. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற ஏற்பாடும், முடுக்கிவிடும் குளூட்டமேட் என்ற ஏற்பாடும் சமநிலையில் ஓடுகின்றன. மது அடக்கும் பக்கத்துக்குக் கை கொடுத்து, முடுக்கும் பக்கத்தை அமுக்குகிறது. வருடக்கணக்காக இது நடந்தால் மூளை ஈடுகட்டத் தொடங்கும்: அடக்கும் பக்கத்தைத் தளர்த்தி, முடுக்கும் பக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தியபடி போகும் வண்டி, உச்சியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பிய பிறகும் அதே அழுத்தில் இருப்பதைப் போல, மது நின்றதும் மூளை கட்டுமீறி ஓடுகிறது. காலைக் கை நடுக்கம் அதன் சிறிய வடிவம். ராத்திரி தூங்கிய ஏழெட்டு மணி நேரத்திலேயே அவர் மூளை மதுவைத் தேடத் தொடங்கிவிடுகிறது. அது மனவுறுதிக் குறைவின் அடையாளம் கிடையாது, நரம்பு மண்டலம் பழகிப்போனதன் அடையாளம்.

இது சத்துக் குறைவால் வருவதாக ஒரு காலத்தில் நம்பினார்கள். 1955இல் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் அமெரிக்காவின் லெக்சிங்டனில் செய்த சோதனை அதைத் தீர்த்துவைத்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. தன்னார்வலர்களுக்கு நல்ல உணவும் வைட்டமினும் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் குடிக்கவைத்துத் திடீரென்று நிறுத்தினார்கள். 48 முதல் 87 நாள் வரை குடித்த 6 பேரில் 2 பேருக்கு வலிப்பும் 3 பேருக்கு மனக்குழப்பமும் வந்தன. நன்றாகச் சாப்பிட்டும் வந்தன.

கடைசியாகக் குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, பதற்றம், தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். உங்கள் கணவரின் இரண்டாம் நாள் காலை இதற்குள்தான் விழுகிறது. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரும்: ஆள், இடம், நேரம் தெரியாது, பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல், கடுமையான நடுக்கம், துடிப்பு எகிறும். முதல் நாள் வலிப்பு வந்து இரண்டாம் நாள் தெளிவாக இருக்கிறவரை "தேறிவிட்டார்" என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றாம், நான்காம் நாள்தான் அதிக ஆபத்து. இன்னொன்று: நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கிச் செல்லும் ஒவ்வொரு சுற்றிலும் மூளை இன்னும் எளிதில் பற்றிக்கொள்கிறது என்பது 1978இல் பாலஞ்சர், போஸ்ட் என்ற இருவர் முன்வைத்த கருத்து. பின்னால் வந்த பல ஆய்வுகள் அதனோடு ஒத்துப்போகின்றன. நான்கு சுற்று முடித்து வலிப்பும் கண்டவர் ஐந்தாவது முறை வீட்டில் நிறுத்தவே கூடாது. சிலர் வீட்டிலிருந்தபடி மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தலாம். அவர் அந்தப் பட்டியலில் இல்லை. மருத்துவமனையில் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் இருக்கும் ஃபெனிடோயினை நம்பி நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மது விலகலால், அதாவது பழகிய மது திடீரென்று நிற்பதால், வரும் வலிப்பை அது தடுப்பதில்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளில் தெரிந்துவிட்டது. வேலை செய்வது மூளையை அமைதிப்படுத்தும் பென்சோடயசெபின் வகை மருந்துகள். 1999இல் வந்த ஒரு சோதனையில், மது வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு 2 மில்லிகிராம் லோராசெபாம் ஊசி போட்டார்கள். மறுபடி வலிப்பு வந்தது 100 பேரில் 3 பேருக்கு. ஊசி பெறாத 86 பேரில் 21 பேருக்கு வந்தது. பென்சோடயசெபின் மாத்திரைகள் வீட்டில் இருந்தால் நீங்களாக அவருக்குக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் அவருக்கும் பயம் குறையும். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி, தெளிவு என்று 10 அம்சங்களுக்குச் செவிலியர் மதிப்பெண் போடுவார், உச்சம் 67. 8க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் மருந்து வேண்டியிருக்காது. 15க்கு மேலே போனால் கடுமை. அதைப் பார்த்துப் பார்த்து குளோர்டயசெபாக்ஸைடோ டயசெபாமோ கொடுத்து, 5 முதல் 7 நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசெபாம் தேர்வு செய்வார்கள். அது கல்லீரலில் தேங்காமல் வெளியேறும். முன்பு வலிப்பு வந்தவருக்கு மதிப்பெண் ஏறும்வரை காத்திருக்காமல் முதல் நாளே மருந்தைத் தொடங்குவது வழக்கம். ஆகவே சேர்க்கும்போதே "போன தடவை வலிப்பு வந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இரண்டாவதாகத் தையமின் பற்றிக் கேளுங்கள். வைட்டமின் பி1. உடலில் இதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. குடிப்பவர்களின் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதுமில்லை. குறைந்துபோனால் வெர்னிக்கே நோய் வரும்: குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவுக் கோளாறு. மூன்றும் சேர்ந்து வருவது சிலரிடம் மட்டும்தான், அதனால் போதையின் தள்ளாட்டம் என்று விட்டுவிடுகிறார்கள். தவறவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். எனவே முதல் சில நாள் மாத்திரை போதாது, ஊசியாக வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் தையமின் அதற்கு முன்போ கூடவோ போக வேண்டும். தையமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து நிலைமை மோசமாகலாம்.

சேர்க்கும் நாள்வரை அவரை வற்புறுத்தி நிறுத்த வைக்காதீர்கள். பாட்டிலை உடைப்பது, அறையில் பூட்டுவது எல்லாம் வலிப்பைக் கூப்பிடுகிற காரியம். உங்களுக்கு இது கசக்கும், எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் சில நாள் அவர் வழக்கமான அளவில் இருப்பது, வீட்டில் திடீரென்று நிறுத்துவதைவிடப் பாதுகாப்பு. இதற்கிடையில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், நினைவு முழுதாகத் திரும்பும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் போனாலும், அடுத்தடுத்து வந்தாலும், இடையில் தெளிவு திரும்பாவிட்டாலும் உடனே ஆம்புலன்ஸ். ஒரே முறை வந்து நின்றாலும் அன்றே மருத்துவமனை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவைத்தது. டிரமடால். அது ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல் வேலை செய்யும், வலி மருந்து. தன்னளவிலேயே வலிப்பை எளிதில் வரவைக்கக்கூடியது. மதுவோடு சேர்ந்தால் மூச்சையும் அடக்கும். வலிப்பு கண்டவர் கையில் இருக்கக் கூடாத மாத்திரை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எண்ணிச் சொல்லுங்கள். தினமும் போட்டு வந்திருந்தால் அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதோடு, அடுத்து நான் சொல்லப்போகும் முக்கியமான மருந்து இதனோடு நேருக்கு நேர் மோதும்.

நடுக்கம் அடங்கி வீடு திரும்புவது சிகிச்சையின் முதல் வாரம் மட்டுமே. நிறையப் பேர் அதையே சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதால்தான் "சேர்த்துப் பார்த்தோம், பலனில்லை" என்ற பேச்சு வருகிறது. நிறுத்திய நிலையில் நீடிப்பதற்குத்தான் மருந்துகள் இருக்கின்றன. உண்மையான, சோதித்த மருந்துகள்.

நால்ட்ரெக்சோன் அவற்றில் ஒன்று. குடிக்கும்போது மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற இன்பம் தரும் பொருள் போய்ச் சேரும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. குடித்தாலும் அந்தக் கிளர்ச்சி பழையபடி வருவதில்லை, ஒரு கிளாஸிலிருந்து ஐந்து கிளாஸுக்குப் போகும் வேகம் குறைகிறது. 1992இல் ஜோசப் வால்பிசெல்லி குழுவினர் 70 ஆண்களிடம் 12 வாரம் நடத்திய சோதனையில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம் பேர் பழைய குடிக்குத் திரும்பினார்கள். நால்ட்ரெக்சோன் சாப்பிட்டவர்களில் 23 சதவீதம். அளவு நாளுக்கு 50 மில்லிகிராம். முதல் சில நாள் குமட்டல் வரும்; சாப்பிட்ட பிறகு, 25 மில்லிகிராமில் தொடங்கினால் தாங்கிக்கொள்ளலாம். தினமும் விழுங்க மறப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை 380 மில்லிகிராம் ஊசி உண்டு. தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை வேண்டும். கொழுப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. கடும் கல்லீரல் அழற்சியோ செயலிழப்போ இருந்தால் வேண்டாம். டிரமடால் விஷயம் இங்கேதான் வருகிறது: ஓபியாய்டு உடலில் இருக்கும்போது நால்ட்ரெக்சோன் போட்டால் திடீரென்று கடுமையான விலகல் தொல்லை தாக்கும். 7 முதல் 10 நாள் முழுதாக நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும். முதுகு வலிக்கு வேறு வகை மருந்து கேட்டு வாங்குங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் இதே கணக்கில் சேரும்.

இன்னொன்று அகாம்ப்ரோசேட். முன்னே சொன்ன கட்டுமீறிய ஓட்டத்தை, நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நீளும் தூக்கமின்மையையும் அமைதியின்மையையும் தணிக்கிறது என்று கருதுகிறோம். 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை. நாளுக்கு ஆறு மாத்திரை என்பதே இதன் பெரிய குறை. மதிய வேளை விட்டுப்போகும். வயிற்றுப்போக்கு வரலாம். கல்லீரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் உங்கள் கணவருக்கு இது நல்ல பொருத்தம். சிறுநீரகப் பரிசோதனை மட்டும் கட்டாயம்: ஓரளவு குறைந்திருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும், மிகக் குறைந்திருந்தால் கூடவே கூடாது.

பலன் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். 118 சோதனைகளைச் சேர்த்து 2023இல் வெளியான ஆய்வுக் கணக்கின்படி, 11 பேருக்கு அகாம்ப்ரோசேட் கொடுத்தால், மருந்து இல்லாவிட்டால் குடிக்குத் திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகத் தப்புகிறார். 11 பேருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மொடாக்குடியிலிருந்து தப்புகிறார். மாயம் கிடையாது. ஆனால் மற்ற நாட்பட்ட நோய்களுக்கு நாம் தயங்காமல் தரும் பல மருந்துகளோடு ஒப்பிட்டால் இது குறைந்த பலனுமில்லை. கல்லீரல் தழும்பேறி இறுகிப்போன சிரோசிஸ் நிலையில் இருப்பவர்களுக்கு பேக்லோஃபென் என்ற மருந்தை 2007இல் 84 பேரிடம் சோதித்தார்கள். 71 சதவீதம் பேர் நிறுத்திய நிலையில் இருந்தார்கள், வெற்று மாத்திரையில் 29 சதவீதம். பின்னர் வந்த சோதனைகளில் பலன் சீராக இல்லை, திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைத் தரும். உங்கள் கணவருக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

மனக்கட்டுப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடியும் தொடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு நிலை கெடுவதும் இதற்குக் குறைந்ததில்லை என்று 2000இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. ஆஸ்துமாக்காரரை மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று யாரும் திட்டுவதில்லை. ஆனால் மருந்தோடு பேச்சும் வேண்டும்: எந்த நேரம், யார் கூப்பிட்டால், எந்த மனநிலையில் கை போகிறது என்பதை ஆலோசகரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்து மாற்றுவழி வைக்கிற வேலை. குடியிலிருந்து மீள்பவர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்களும் உதவுகின்றன. 2020இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அவற்றுக்கு முறையாக அனுப்பப்பட்டவர்கள் முழுமையாக நிறுத்துவதில் மற்றச் சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்தார்கள்.

வர மாட்டேன் என்கிறவரை எப்படி அழைத்துவருவது? கெஞ்சுவதும் மிரட்டுவதும் நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுக்கும் கிராஃப்ட் என்ற முறையை ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். 1999இல் குடிப்பவர்களின் குடும்பத்தார் 130 பேரிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். குடும்பமே கூடி எதிரே உட்காரவைத்துக் கேட்கும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடிப்பவரை விட்டுத் தன்னை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்ன முறையில் 13 சதவீதம். கிராஃப்ட் முறையில் 64 சதவீதம். அவர் ஒத்துக்கொள்ளும் முன்பே நீங்கள் தனியாக ஒரு ஆலோசகரைப் பார்க்கலாம். போதை சிகிச்சை தரும் மனநலப் பிரிவில் "என் கணவருக்காக வந்திருக்கிறேன்" என்று சொன்னாலே போதும்.

அந்த முறையிலிருந்து வீட்டில் இன்றே தொடங்கக்கூடியவை சில. குடித்திருக்கும்போது எதையும் பேசித் தீர்க்காதீர்கள். "இப்ப வேண்டாங்க, காலையில பேசலாம்" என்று அறையை விட்டு வந்துவிடுங்கள். காலைக் குடி உள்ளே போய் நடுக்கம் அடங்கி, போதை ஏறாமல் இருக்கும் ஒரு மணி நேரம் அவருக்கு இருக்கும். அதுதான் பேசும் நேரம். "நீங்க இப்படி" என்று தொடங்காமல், "அன்னைக்கு நீங்க விழுந்து கிடந்தப்போ எனக்குக் கை காலே ஓடல. மறுபடி அப்படி ஆகாம நிறுத்த மருந்து இருக்காம். ஒரே ஒரு தடவை கேட்டுட்டு வரலாம். சேரணும்னு இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வர மறுப்பதற்குள்ளே அந்த வலிப்பைப் பற்றிய பயம்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. சிகிச்சை என்றால் மறுபடி அதே இரண்டு நாள் என்று நினைத்திருப்பார். அலுவலகத்துக்கு அவருக்காகப் பொய் சொல்வதையும், சிந்தியதைத் துடைத்துவைப்பதையும் மெல்ல நிறுத்துங்கள். அவர் நிதானமாக இருக்கும் அரைமணி நேரத்தில் கூடவே உட்காருங்கள். ஒப்புக்கொள்ளும் மனநிலை நீடிக்காது என்பதால், எந்த டாக்டர், என்ன நேரம், படுக்கை உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்து, "சரி" என்ற அன்றோ மறுநாளோ கிளம்பிவிட வேண்டும். கை ஓங்குகிற பழக்கம் அவருக்கு இருந்தால் இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். முதலில் பாதுகாப்பாகப் போக ஓர் இடத்தை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நாளுக்கு 375 மில்லி பிராந்தி, அதாவது சுமார் 120 கிராம் சாராயச் சத்து, கடைசியாகக் குடித்த மணி, நான்கு முறை நிறுத்தியது, வலிப்பு வந்தது எத்தனையாவது மணியில், டிரமடால் அளவு, ஃபெனிடோயின் சாப்பிடுகிறாரா, ஸ்கேன் அறிக்கை. அந்த டைசல்ஃபிராம் அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

சிகிச்சை தொடங்கிச் சில மாதம் கழித்து ஒரு நாள் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோர் அன்றோடு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் எல்லாம் சரிகிறது. நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் மறுநாள் காலையும் வழக்கம்போலவே கொடுங்கள்; குடித்திருந்தாலும் அவற்றால் டைசல்ஃபிராம் போன்ற எதிர்வினை வராது. ஒரு நாள் குடித்து நின்றால் டாக்டருக்குப் போனில் சொன்னால் போதும். மூன்று நான்கு நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி வீட்டில் நிறுத்தாமல் நேராக மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் மருந்து ஓடட்டும். எப்போது நிறுத்துவது என்பதை அவரும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.